திரையில் இல்லாதவள்

டீயில் சர்க்கரை வேண்டாம் என்றேன் இன்ஸ்பெக்டர் சார், போட்டுவிட்டீர்கள். பரவாயில்லை, குடிக்கிறேன்.

எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு மேசைக்கடியிலும் ஒரு சென்சார் உண்டு. ஆள் உட்கார்ந்தால் விளக்கு எரியும், எழுந்தால் அணையும். கழுத்தில் தொங்கும் கார்டு எந்தக் கதவைத் தாண்டினாலும் கீழே கண்ட்ரோல் ரூமில் என் திரையில் புள்ளியாக வந்துவிடும். யாரும் சொல்லாமலே எல்லாரையும் பெற்றவன் மாதிரி கவனித்துக்கொண்டேன்.

நாலாவது மாடியில் கட்டட வரைபடம் போடும் பெண் ஒருத்தி. ஒருநாள் லிஃப்டில் அக்கறையாகத்தான் கேட்டேன்: "என்னம்மா, விசேஷமா? அடிக்கடி பாத்ரூம் போறீங்களே."

அவள் முகம் வெளுத்துவிட்டது. புருஷனிடம்கூட அதுவரை சொல்லவில்லையாம்.

நேராக மேனேஜரிடம் போனாள். என்னை வைத்துக்கொண்டே சொன்னாள்: "நான் எங்க போறேன் வர்றேன்னு இவர் எதுக்கு சார் பார்க்கணும்? என் சீட்டுல இருக்கிறதைக் கழட்டுங்க. என் கார்டும் இவர் கண்ணுல படக்கூடாது."

மேனேஜர் எல்லார் எதிரிலும் என்னைக் காய்ச்சி எடுத்தார். கேன்டீனில் எனக்கு 'மேசைக்கண்ணன்' என்று பெயர் வைத்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அவள் சென்சாரை என் கையாலேயே கழற்றினேன், அவள் கார்டையும் என் திரையிலிருந்து எடுத்துவிட்டேன்.

மூன்றாவது மாடியில் ஒயர் எரிந்து தீப்பிடித்த அன்று எல்லாரும் வாசலுக்கு ஓடிவந்துவிட்டார்கள். என் மேசை போன் அடித்தது. அவள்தான்.

"அண்ணா, காதுல பாட்டு மாட்டியிருந்தேன், சைரன் கேக்கல. இப்ப படியெல்லாம் புகையா இருக்கு. எந்தப் பக்கம் வர்றது?"

மொட்டைமாடிக் கதவு திறந்துதான் இருந்தது. எனக்குத் தெரியும்.

"எங்கயும் போகாதீங்கம்மா. சீட்டுலயே உட்காருங்க. ஆள் வர்றாங்க."

"சரிண்ணா. அன்னைக்கு அப்படிப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க."

"சேச்சே" என்று போனை வைத்தேன்.

தீயணைப்பு அதிகாரி மூச்சிரைக்க உள்ளே வந்தார். "மேல யாராச்சும் இருக்காங்களா?"

திரையை அவர் பக்கம் திருப்பினேன். நாலாவது மாடியில் ஒரு புள்ளிகூட இல்லை.

"யாரும் இல்ல சார். எல்லாரும் இறங்கிட்டாங்க" என்றேன்.

அவர் ஆட்களைப் பக்கத்துக் கட்டடத்தைக் காப்பாற்ற அனுப்பினார். அதன் பிறகு போன் மறுபடி அடித்தது. வெகுநேரம் அடித்தது. நான் எடுக்கவில்லை.

அவள் மேல் எனக்குக் கோபம் என்று மட்டும் தயவுசெய்து வாக்குமூலத்தில் எழுதாதீர்கள். அதையெல்லாம் நான் அன்றைக்கே மறந்துவிட்டேன்.