முடியலைன்னு சொல்லுங்கப்பா

— மறுபடியும் சொல்றேன், அப்பா. அந்த மேடம் எது கேட்டாலும் "முடியல"ன்னு சொல்லணும். ஒரே வார்த்தை.

— முடியுதே!

— எது முடியுது? காலைல சட்டை போட்டு விட்டது யாரு?

— நீ. ஆனா பட்டன் நான்தான் போட்டேன்.

— தப்புத் தப்பா போட்டீங்க. சரி, தலைல என்ன இது? மை அடிச்சீங்களா?

— வீட்டுக்கு ஆள் வர்றப்ப பரட்டைத் தலையோடவா உக்காருவாங்க?

— கல்யாணத்துக்கா வர்றாங்க! உங்களைக் குளிப்பாட்ட, மத்தியானம் சோறு போட ஒரு ஆள் அனுப்பலாமா வேணாமான்னு பாக்க வர்றாங்க. போன வருஷம் எழுதிப் போட்டது, இப்பத்தான் வர்றாங்க. வாக்கர் எங்க?

— கட்டிலுக்கு அடியில போட்டுட்டேன்.

— கடவுளே! இனிமே லீவு கேட்டா நிரந்தரமா எடுத்துக்கோன்னுட்டார் மருந்துக்கடை முதலாளி. ஆள் வரலைன்னா என் வேலை போச்சு. புரியுதா?

— ஸ்டியரிங்கை என்கிட்ட விடும்மா. பஸ் ஓட்டினவன்... தோ, பெல்லு அடிக்குது.

— வாங்க மேடம். உக்காருங்க.

— வணக்கங்கய்யா. முதியோர் உதவி அலுவலகத்துலேருந்து வர்றேன்.

— வாங்க, வாங்க. வெயிலும் இல்ல, மழையும் இல்ல, கையில எதுக்கும்மா குடை?

— பழக்கங்கய்யா. இந்த ஓரமா வெச்சுக்கறேன். குளிக்கறதெல்லாம் எப்படி?

— ரெண்டு வேளை. ஜம்முனு.

— ஞாயித்துக்கிழமை வழுக்கி விழுந்தாரு மேடம். பிடிச்ச குழாய் கையோட வந்துடுச்சு.

— குழாய் பழசு.

— எழுதிக்கறேன். சமையல்?

— நான் வெச்சா தெருவே மணக்கும்.

— நேத்து அடுப்பு மேல பிளாஸ்டிக் டப்பாவை வெச்சாரு. அதுவும் தெரு முழுக்க மணந்துச்சு.

— எழுதிக்கறேன். ராத்திரி எழுந்திருக்க யாராவது துணை வேணுமா?

— எதுக்கு? படுத்தா காலைலதான் எழுந்திருப்பேன்.

— பொய், மேடம்! ராத்திரி முழுக்க "ஏம்மா, ஏம்மா"தான்.

— பேச்சுத் துணைக்குக் கூப்பிடறது.

— ஐயா, எழுந்து ஜன்னல் வரைக்கும் போயிட்டு வாங்க, பாக்கலாம்.

— அப்பா, வேணாம். அப்பா!

— நகரும்மா, வழில நிக்காத. பாத்தீங்களா? போயாச்சு. தோ, திரும்பியாச்சு. ரிவர்ஸ்லகூட வருவேன், பாக்கறீங்களா?

— போதுங்கய்யா. நின்னது போதும், உக்காருங்க.

— நிக்கறதுதான் எனக்கு சௌகரியம்.

— அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. நான் கண்ணால பாக்கறதைத்தான் எழுத முடியும். ஐயா இவ்வளவு நல்லா இருக்கறப்ப ஆள் கேட்டு எழுத முடியாது. வரட்டுமா?

— மேடம், ஒரு நிமிஷம்... மேடம்!

— போயிட்டாங்களா?

— போயிட்டாங்க. சந்தோஷமா? என் வேலையும் கூடவே போயிடுச்சு.

— கதவைச் சாத்திட்டியா?

— சாத்திட்டேன்!

— அப்ப சீக்கிரம் வந்து என்னைப் பிடி. உக்கார முடியல. முட்டி ரெண்டும் அப்பவே பிரேக் டவுன்.

— அப்பா! நாற்காலியை விடுங்க. என் தோளைப் பிடிங்க. மெதுவா... இவ்வளவு வலியை வெச்சுக்கிட்டு எதுக்குப்பா இந்த வீம்பு?

— எதிர்வீட்டு வாத்தியாரு இப்படிக் கேக்க வந்தவங்ககிட்ட உண்மையைச் சொன்னாரு. எழுந்திருக்க முடியல, சமைக்க முடியலன்னு. மறுவாரமே வேன் வந்துச்சு, ஹோமுக்கு ஏத்திட்டுப் போயிட்டாங்க. செருப்பு இன்னும் வாசல்லயே கிடக்கு.

— அவருக்கு யாருமில்லப்பா!

— எனக்கு நீ இருக்க. ஆனா பகல்ல வீட்டுல இல்லியே. "பொண்ணு சரியா பாத்துக்கல"ன்னு அந்தம்மா எழுதிட்டா? என்னைக் கொண்டு போனாலும் போகட்டும். உன் பேரு கெட்டுடும்ல?

— அதை முன்னாடியே வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல...

— மன்னிக்கணும். தட்டினேன், உங்களுக்குக் கேக்கல போல. தாழ்ப்பாள் போடல, உள்ள வந்துட்டேன். குடையை விட்டுட்டுப் போயிட்டேன்.

— ஐயோ, மேடம்! இது வந்து... அப்பா சும்மா என் தோளைப் பிடிச்சுக்கிட்டு...

— தெரியுதும்மா. பாவம், அவரை முதல்ல உக்கார வைங்க. ஐயா, உங்களை எந்த வேனும் ஏத்திட்டுப் போகாது. காலைல ஒரு ஆள் வருவாரு, சாயங்காலம் போயிடுவாரு. அவ்வளவுதான்.

— அப்பவே நினைச்சேன், மழையில்லாத நாள்ல எதுக்குடா குடைன்னு. நல்லவேளை, மறந்துட்டீங்க.

— எல்லா வீட்டுலயும் மறந்துட்டுத்தாங்கய்யா போவேன். கதவு சாத்தினப்புறம்தான் எனக்கு வேலையே ஆரம்பிக்கும். சொல்லுங்க, குளிக்கறதெல்லாம் எப்படி?