குறுக்கீடு

இந்த நாற்காலி பரவாயில்லை, சார். எங்கள் கட்டுப்பாட்டு அறை நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே இடுப்பு விட்டுப்போகும்.

என் வேலையைக் கேட்டீர்கள். ஒரு நட்சத்திரம் வெடித்துச் சாவதற்கு முன்பு, தன் மேலிருந்து வாயுவை உதிர்த்துக்கொண்டே இருக்கும். வெடித்துச் சிதறியது அந்த வாயுவில் போய் முட்டினால் ரேடியோ அலை கிளம்பும். அதைப் பெரிய ஆன்டெனாத் தட்டில் பிடிப்பதுதான் என் பிழைப்பு. வருடக்கணக்கில், வெடித்துப்போன ஒரே நட்சத்திரத்தைப் பார்த்துக் கிடந்தேன். ஒன்றும் வரவில்லை. கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். தட்டை வேறு ஆட்களுக்குக் கொடுக்கப்போவதாக இயக்குநரும் சொல்லிவிட்டார். என் வயதில் இனி வேறு நட்சத்திரம் கிடையாது, சார். தூக்கம் போய்விட்டது.

அன்று காலை அலை தெரிந்தது. லேசாகத்தான், ஆனால் ஏறிக்கொண்டே இருந்தது. அந்த நேரம் பார்த்துத் தட்டை நிறுத்தி, பல்சக்கரத்துக்கு கிரீஸ் போட மாப்பிள்ளை மேலே ஏறிவிட்டார். என் தங்கை புருஷன். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். நட்சத்திரம் அடிவானத்துக்குக் கீழே போய்விட்டால் அந்த முதல் ஏற்றம் திரும்ப வராது.

வாக்கிடாக்கியில் கூப்பிட்டேன். பாதிதான் ஆச்சு, இன்னும் கொஞ்சம் பொறுங்க மச்சான் என்றார். பொறுத்தும் பார்த்தேன். பிறகு, ஆள் மேலே இருக்கும்போது தட்டு நகராமல் போட்டுவைக்கும் பூட்டை விடுவித்துத் தட்டைத் திருப்பினேன். அது ஆமை வேகத்தில்தான் நகரும். விலகிக்கொள்வார் என்று நினைத்தேன்.

"மச்சான், கை மாட்டிக்கிச்சு. நிறுத்துங்க."

கத்தவில்லை. அவருக்கு உரக்கப் பேசவே வராது. நிறுத்தினால் மறுபடி எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். அதற்குள் நட்சத்திரம் இறங்கிவிடும். என் வாக்கிடாக்கியை அணைத்தேன்.

அவர் அணைக்கவில்லை. அதுவும் ரேடியோதானே. அவர் பேசப் பேச எங்கள் பதிவில் கூரான கீற்றுகள் விழுந்தன. அதைக் குறுக்கீடு என்போம். கண்டால் வெட்டி எறிய வேண்டும். நட்சத்திரம் அடிவானத்தைத் தொடும்வரை விழுந்தன. போகப் போக இடைவெளி கூடியது. பிறகு சுத்தமாக நின்றுவிட்டது.

சாவு வீட்டில் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அண்ணா, அவர் ரொம்பக் கஷ்டப்பட்டாரா?"

"இல்லம்மா. உடனே உயிர் போயிருச்சு."

அப்போதே கீற்றுகளை எல்லாம் வெட்டி முடித்திருந்தேன். இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் கண்டிப்பாக நிறுத்தியிருப்பேன், சார். அந்த அலையைப் பற்றி எழுதிய கட்டுரையை அவருக்குத்தான் காணிக்கை ஆக்கியிருக்கிறேன். தங்கைக்கு அது ஆறுதலாக இருக்கும்.