காற்றில்லாத ஆரல்வாய்மொழி

"ஆரல்வாய்மொழியில காத்தே இல்லன்னு சொன்ன ஒரே மிஷின், காலேஜுல காத்து வேகம் அளக்க நாம செஞ்சதுதான், கேட்டியா?"

நாகர்கோவிலில் இருந்து கிளம்பிய பேருந்தில், முன்சீட்டுக் கண்ணாடிக்காரி சொன்னாள். பக்கத்தில் இருந்தவள் அவளுடைய கல்லூரித் தோழி போலிருக்கிறது. தோழி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"காத்தாடி நல்லாத்தான் சுத்திச்சு. கணக்கு மட்டும் சைபர். எங்கப்பா மொட்டைமாடியில, காத்துல பறக்க வேட்டிய ரெண்டு கையாலயும் பிடிச்சிட்டு நின்னு சிரிச்சாரே!"

"காரணம் இப்பந்தான் பிடிபட்டுது ஏட்டி, பிள்ளையளுக்குப் பாடம் எடுக்கும்போது. ஒவ்வொரு சுத்துக்கும் சென்சார் வோல்ட்டு ஒருக்கா கீழ, லோவுக்கு இறங்கும். அதைத்தான் போர்டு எண்ணணும். சென்சார் அஞ்சு வோல்ட்டு, போர்டு மூணு. நடுவுல ரெண்டு பக்கமும் சிக்னல் கடத்துக சிப்பு வச்சோம்லா? நம்ம சென்சார் இறங்கினது அரை வோல்ட்டு வரைக்குந்தான். ஒரு பக்கம் மட்டும் கடத்துக சாதா சிப்புக்கு அது போதும். இதுக்கு சைபரை ஒட்டி வந்தாத்தான் லோ."

"அப்பம் அதுக்கு எப்பவும் ஹைதான்?"

"பின்னே? மாறினாத்தானே எண்ணும்!"

ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகள் தெரியத் தொடங்கின. தோழி அவற்றைப் பார்த்தபடி சொன்னாள்.

"அந்தப் பெட்டி இப்பமும் வீட்டுல இருக்கு. அப்பா அடக்கம் முடிஞ்சு அறையை ஒதுக்கும்போது கெடைச்சு."

"எடுத்து வையி. சாதா சிப்பு ஒண்ணு போட்டா, அரை மணிக்கூர்ல சரியாயிரும்."

"வேண்டாம் ஏட்டி. வீட்டுக்கு யாரு வந்தாலும் மாடிக்குக் கூட்டிட்டுப் போயி, அந்த சைபரைக் காட்டித்தான் அப்பா சிரிப்பாரு. அது சைபராவே இருக்கட்டும்."