ஹெல்ப்பர் கட்டத்தில் ஒரு டிக்

— இதுல எங்கயுமே டீச்சர்னு இல்லியே சார்! லோடர், செக்யூரிட்டி, ஸ்வீப்பர், ஹெல்ப்பர். நாலு கட்டம்தான் கீது.

— ஹெல்ப்பரில் டிக் போடுங்கள், ஏஞ்சல். கட்டமா முக்கியம்? ஆசிரியப் பணியே அறப்பணி, அதற்கு உன்னை அர்ப்பணி!

— அர்ப்பணிச்சிக்கினுதான் கீறேன் சார், மூணு மாசமா சம்பளமே இல்லாம. நம்ம ஸ்கூல் மேலாண்மைக் குழு தீர்மானம் போட்டு கவர்மெண்டு துட்டுல பன்னெண்டாயிரம் குடுத்துக்கினு இருந்தாங்க. இப்ப இன்னாத்துக்கு நான் ஃபேக்டரி காண்ட்ராக்டரு பாரத்துல கையெழுத்து போடணும்?

— அந்த நிதி நின்றுவிட்டதம்மா. டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவில் ஏதோ இழுபறி. இனி எல்லாம் உள்ளூர்ப் பங்களிப்பு. சிப்காட் கம்பெனி ஒன்று உங்கள் ஊதியத்தை ஏற்கிறது. ஆட்களை அவர்கள் காண்ட்ராக்டர் வழியாகத்தான் எடுப்பார்கள். மாபெரும் கல்விப் புரட்சி!

— புரட்சி எவ்ளோ சார் குடுக்கும்?

— பன்னிரண்டுதான். கமிஷன், யூனிஃபார்ம், சேஃப்டி ஷூ பிடித்தம் போக ஒன்பதாயிரம் கைக்கு வரும்.

— ஷூவா? சாக்பீஸு கால்ல வுழுந்துடும்னா? எங்க ஊட்டுக்காரு அதே காண்ட்ராக்டருகிட்ட லோடரு. பதினாலாயிரம், மதியம் சோறு, எளாவூர்லருந்து பஸ்ஸு.

— காசையே பேசலாமா? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்.

— முப்பத்தெட்டு பேரு சார். பாதி ஒடியாக்கார பசங்க, மூணு வருஷத்துல தமிழ் படிக்க வெச்சிக்கிறேன். ஒம்போதாயிரத்துக்கே வரேன் சார். ஆனா அந்தக் காயிதத்துல டீச்சர்னு போடச் சொல்லுங்க. நாளைக்கு வேற ஸ்கூல்ல வேலை கேட்டா, ஹெல்ப்பரா இருந்தேன்னா சொல்லுவேன்?

— திங்கட்கிழமை விழா. மாவட்டத்திலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள். இந்த நேரத்தில் பேஜாரு பண்ணாதீர்கள். வரவேற்புரை வேறு நீங்கள்தான் எனக்கு எழுதித் தரவேண்டும்.

— ஹெல்ப்பரு எழுதுனா நல்லாவா இருக்கும்? நான் கெளம்பறேன் சார். அஞ்சாங்கிளாஸு அட்டெண்டன்ஸு மேஜை மேல கீது.

— ஏஞ்சல்! நில்லுங்கள்… போனால் போகட்டும். ஒரு போன் போதும் எனக்கு! ஹலோ, காண்ட்ராக்டர் ஆபீஸா? தலைமை ஆசிரியர் சுப்பராயன் பேசுகிறேன். நம் பள்ளிக்கான ஹெல்ப்பர் வரவில்லை. திங்கட்கிழமை விழாவுக்குள் வேறு ஆளை அனுப்பிவிடுங்கள்.

— வணக்கம் சார். என் பேரு பார்த்திபன். திங்கக்கெழம விழாவுக்கு ஸ்கூல்ல ஹெல்ப்பரு வேணும்னு கேட்டீங்களாமே, காண்ட்ராக்டரு அனுப்பிச்சாரு. லோடு எங்க சார் எறக்கணும்?

— லோடா? அடப்பாவிங்களா! ஹெல்மெட்டும் கையுறையுமா ஒருத்தன அனுப்பிக்கிறானுங்களே! மேடையில பெரியவங்க டீச்சரு கையில சம்பள ஆர்டரு குடுக்கப் போறாங்கய்யா! இன்னாய்யா படிச்சிருக்க நீ?

— எம்.எஸ்சி., பி.எட். சார். டீச்சருக்கான டெட் பரீட்சை பாஸ் பண்ணி பத்து வருஷம் ஆவுது. எங்க சூப்பர்வைசருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார், படிச்சவன்னு தெரிஞ்சா வேலையவுட்டு தூக்கிடுவாங்க.