சொல்லிவிட்டுத் தொட்ட கை

மேடையில் வீற்றிருக்கும் தலைமை மருத்துவர் ஐயா அவர்களே, தலைமைச் செவிலியர் அம்மா அவர்களே, கண் சிவந்து நிற்கும் பிரசவ வார்டுச் செவிலியர்களே, பின்வரிசையில் வயிற்றைத் தாங்கி அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு விழித்துக்கொண்டிருக்கும் தந்தைமார்களே! உங்கள் எல்லோருக்கும் ஒரு பள்ளி மாணவியின் வணக்கம்.

பெற்றோராகப் போகிறவர்களே, நம் மூத்த செவிலியர் இந்தக் கூடத்தில்தான் வாரந்தோறும் உங்களுக்குப் பிரசவ வகுப்பெடுத்தார். இன்று அதே நாற்காலிகள், அதே மின்விசிறி. அவர் மட்டும் இல்லை; மேசைமேல் அவருடைய படம். "சொல்லிட்டேன் சிஸ்டர்" என்றால்தான் பலருக்கு அவரைத் தெரியும். ஊசியா? முதலில் சொல்லுவார். வயிற்றில் கை வைக்க வேண்டுமா? முதலில் சொல்லுவார். "நாடி பார்க்கிறதுக்குக்கூட நோட்டீஸ் கொடுக்கிற ஆளும்மா இவங்க" என்று நீங்களே கிண்டல் செய்வீர்களாமே, மருத்துவர் ஐயா!

பிரசவ அறையில் ஒரு செவிலியரிடம் நாம் என்ன எதிர்பார்க்கலாம்? புத்தகங்களில் நிறையப் படித்திருக்கிறேன். ஆனால் எனக்குப் பதில் கிடைத்தது இந்த மருத்துவமனையின் பழைய லிஃப்டில்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மதியம் அம்மாவுக்குப் பிரசவ வலி கண்டது. வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் பள்ளிச் சீருடையும் ஸ்வெட்டருமாக நானும் வந்தேன். அம்மாவுக்கு வலியைவிடப் பயம் பெரிது. நான் பிறந்தபோது, வேறொரு மருத்துவமனையில், யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. கைகள் மட்டும் வந்துகொண்டே இருந்தனவாம். "மூட்டையைப் புரட்டுற மாதிரி புரட்டினாங்கடி" என்பார்.

பிரசவ வார்டு மேல்தளத்தில். சிஸ்டரே கீழே வந்து அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு லிஃப்டில் ஏறினார். அப்பாவுக்கு இடமில்லை; பையோடு படியேறினார். கதவு மூடியது. லிஃப்ட் கொஞ்சம் ஏறி, ஒரு குலுக்கலோடு நின்றது. விளக்கு அணைந்தது.

அவையோரே, எந்தப் பக்கம் கை நீட்டினாலும் இரும்பு! அவசர மணியை அழுத்தினேன், அதற்கும் உயிரில்லை. நாங்கள் விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருந்தோம். அந்த இருட்டில் அம்மாவின் பனிக்குடம் உடைந்து என் காலணி நனைந்தது. "தொடாதீங்க! யாரும் என்னைத் தொடாதீங்க!" என்று அம்மா அலறினார்.

"தொடலம்மா. சொல்லாம தொட மாட்டேன்" என்றது சிஸ்டரின் குரல். "முதல்ல இன்னொண்ணு சொல்லிடுறேன். எனக்கு மூடின இடம் ஆகவே ஆகாது. தினமும் படியேறித்தான் வேலைக்குப் போவேன். இப்போ நான் கொஞ்சம் பயப்படப் போறேன். சொல்லிட்டேன்."

 அம்மா சிரித்துவிட்டார்! அழுகையும் சிரிப்புமாக, "இப்பப் போய்ச் சொல்றீங்களே சிஸ்டர்!"

"வேற எப்போ சொல்றது? இறங்கினப்புறமா?"

"சரி... தொடுங்க."

அதன்பிறகு ஒவ்வொரு முறையும் குரல் முதலில் வந்தது, கை பிறகுதான் வந்தது. "தோளைப் பிடிச்சுக் கீழே உட்கார வைக்கப் போறேன்." "கண்ணு, உன் ஸ்வெட்டரைக் கொடு. அம்மாவுக்குப் பின்னாடி உட்கார்ந்து முதுகைத் தாங்கு." கையுறை மாட்டும் சத்தம் கேட்டது. வெளியே அப்பா கதவை இடித்தார். "உள்ள என்ன ஆச்சு? யாராவது பேசுங்களேன்!"

"தம்பி, கதவைக் குத்தாதீங்க, அதுவே பாவம் மாட்டிக்கிட்டு நிக்குது. குழந்தையோட தலை வந்துடுச்சு. மெக்கானிக்கைக் கூப்பிடுங்க, டாக்டர்கிட்டயும் சொல்லுங்க. ஓடுங்க!"

திடீரென்று அவர் குரல் தணிந்தது. "அம்மா, முக்காதீங்க. குழந்தை கழுத்துல கொடி சுத்தியிருக்கு. தளர்வாத்தான் இருக்கு. விரலால தலைக்கு மேல தூக்கி எடுத்து விடப் போறேன். அதுவரைக்கும் வாயால ஊதுங்க."

காரணம் சொல்லாமல் அந்த விரல்கள் வந்திருந்தால் அம்மா உதறியிருக்க மாட்டாரா? உதறியிருந்தால் என் தம்பி என்ன ஆகியிருப்பான்? அம்மா அசையவில்லை. அவருடைய நகங்கள் என் கையில் பதிந்தன. ஊதினார், ஊதினார். "எடுத்துட்டேன். இப்போ முக்குங்க!"

அந்த இரும்புப் பெட்டி முழுவதும் ஓர் அழுகை நிறைந்தது. "ராஜா, துடைக்கப் போறேன்டா, சொல்லிட்டேன்" என்று அவனிடமும் சொன்னார்!

கதவு திறந்து வெளிச்சம் வந்தபோதுதான் அவரைப் பார்த்தேன். உடை முழுவதும் வியர்வையில் ஒட்டியிருந்தது. தம்பியை மருத்துவரிடம் கொடுத்துவிட்டு, வராந்தாவிலேயே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

மூடிய இடமே ஆகாத அவரைப் பின்னாளில் நோய் ஒரு கட்டிலில் பூட்டி வைத்தது. கடைசியாக நாங்கள் பார்க்கப் போனபோது பேச்சு நின்றிருந்தது. பக்கம் புரள முடியவில்லை. கண்கள் மட்டும் கதவையே பார்த்தன. புதிதாக வந்த உதவியாளர் அவரைத் திருப்பிப் படுக்கவைக்க நேராகக் கை நீட்டினார். "இருங்க" என்றார் அம்மா. குனிந்து, "சிஸ்டர், உங்களை இடது பக்கமாத் திருப்பப் போறோம். தோள்ல கை வைக்கிறேன்" என்றார். விறைத்திருந்த அந்தத் தோள் மெல்லத் தளர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன்!

காத்திருக்கும் பெற்றோர்களே, உங்களுக்கு அவர் கற்றுக்கொடுத்தது இதுதான்: உங்களைத் தொடப் போகிற கை எதற்காக வருகிறது என்று கேளுங்கள். செவிலியர்களே, அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள். நானும் செவிலியர் படிப்பில்தான் சேரப் போகிறேன். அதையும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். இந்த வார்டில் அவர் தொடங்கிய பழக்கம் அவரோடு நின்றுவிட நாம் விடலாமா? விடமாட்டோம்!

இப்போது எல்லோரும் வரிசையாக வந்து அவர் படத்துக்குப் பூ வைக்கப் போகிறோம். தயவுசெய்து ஒரு நிமிடம் பொறுங்கள்.

சிஸ்டர், உங்கள் பக்கத்தில் வரப் போகிறோம். பூ வைக்கப் போகிறோம். கொஞ்சம் அழப் போகிறோம்.

சொல்லிட்டேன்.