பரீட்சைக்கு ஒரு வாய்

ஜாசினிலிருந்து மலாக்கா போகும் பேருந்தில் எனக்கு முன் சீட்டில் பல் சுகாதாரம் படிக்கும் இரண்டு மாணவிகள். ஒருத்தி போனை வைத்துவிட்டு அழாத குறையாகச் சொன்னாள்.

“எங்க மாமா பல்ல சுத்தம் பண்ணிட்டாருடி!”

“நல்லதுதானே லா?”

“நாளைக்கு பிராக்டிகல் எக்ஸாம்ல அவருதான் என் பேஷண்ட். காறை படிஞ்ச பல்லா இருந்தாதானே சுரண்டிக் காட்ட முடியும்? மருமக முன்னால அசிங்கமா இருக்கக் கூடாதுன்னு கிளினிக் போயிட்டு வந்துட்டாராம்.”

“ஐயோ! போன தடவதான் கிளாஸ்ல தூங்கி ஃபெயிலான. இந்தத் தடவ எவ்ளோ படிச்ச!”

அவர்களுக்கு முன்னால் இருந்த பெரியவர் திரும்பினார்.

“நான் பிறந்ததுலேருந்து பல் டாக்டர்கிட்ட போனதே இல்லம்மா.”

சொல்லிவிட்டு வாயை ஆவென்று திறந்தார். இருவரும் எட்டிப் பார்த்தார்கள். அழ இருந்தவளின் முகம் மலர்ந்தது.

“அங்கிள், எவ்ளோ அழகா காறை கட்டியிருக்கு! நாளைக்கு வரைக்கும் பல்லு விளக்கிராதீங்க, ப்ளீஸ் லா!”