காந்தத்தை நிறுத்திய பிற்பகல்

இந்த அவைக்கு மாண்பு சேர்க்கும் தலைவர் அண்ணாமலை அவர்களே, செம்மேட்டுப் பெரியோர்களே, குண்டனி நாட்டு ஊர்களிலிருந்து வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, காரவள்ளிக் கடையைப் பூட்டிவிட்டு மலையேறி வந்த என்னைப் பெற்ற அத்தா அப்துல் நாசர் அவர்களே, உங்கள் நஸ்லினின் பணிவான வணக்கம்.

விண்மீன் கூட்டங்கள் சுழல்கின்றன, சிதறாமல் சுழல்கின்றன. சிதறாமல் சேர்த்துப் பிடித்திருப்பது எது? கண்ணுக்குத் தெரியவில்லை, கருவிக்குச் சிக்கவில்லை, ஆனால் கனம் இருக்கிறது. அந்த இருண்ட பொருள் ஆக்சியான் என்னும் நுண்துகளாக இருக்கலாம் என்பது ஊகம். வலிய காந்தத்துக்குள் வந்தால் அது மெல்லிய ரேடியோ அலையாக மாறக்கூடும். அதைப் பெருக்கிக் கேட்கவே செம்பு உருளை ஒன்றை வடிவமைத்தோம். ரேடியோவில் நிலையம் தேடுவதுபோல உருளையின் அதிர்வெண்ணை நகர்த்தி நகர்த்தித் தேடுவோம். அலையோடு அது ஒத்து அதிரும் இடம் எது? உலகில் ஒருவருக்கும் தெரியாது.

நகரத்து ரேடியோ இரைச்சலுக்கு அஞ்சி, இரண்டாயிரத்து இரண்டில் உருளையும் சிறு மின்காந்தமும் சேர்ந்த மாதிரிக் கருவியைக் குண்டனி நாட்டுக்கு லாரியில் ஏற்றினோம். ராஜேஸ்வரி அக்கா தம் வீட்டின் பின்கட்டைத் தந்தார். நானும் உடன் ஆய்வாளர் முஜீபும் மாதக்கணக்கில் திரையைப் பார்த்தோம். நின்றால் உட்காரத் தோன்றும். உட்கார்ந்தால் எழத் தோன்றும். "சோறு ஆறுது சாமி, உண்டுபோட்டு அப்புறம் பாரு" என்பார் அக்கா. "இதோ வாரேங்க்கா" என்பேன். போகமாட்டேன்.

ஒரு பிற்பகல், திரையில் ஓடும் அலைக்கோட்டில் கூரிய முள்போல ஒரு முனை எழுந்தது. மறையும் என்று பார்த்தோம், மறையவில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை என்று, பணம் தரும் ஆய்வுக் குழு அடுத்த வாரம் எங்கள் திட்டத்தையே மூட இருந்தது.

"இப்பவே செம்மேடு போயி போன் பண்ணிடலாங்க நஸ்லின். இத விட்டா நம்மள மூடிருவாங்க" என்றார் முஜீப்.

"காந்தத்த நிறுத்திப் பாத்துட்டுப் போலாங்க."

"நிறுத்தியும் இருந்துச்சுன்னா?"

காந்தம் நின்றால் ஆக்சியான் அலையாகாது. அதன் பின்னும் முள் மறையாமல் இருந்தால் அது பொய்.

நிறுத்தாமலே விட்டிருக்கலாமே என்கிறீர்களா, முன்வரிசையில் இருக்கும் இருசாயி அம்மா? என் நெஞ்சும் அன்று அதையேதான் கேட்டது. கேட்டுக்கொண்டே நிறுத்தினேன்.

முள் மறையவில்லை. அப்படியே இருந்தது. முஜீப் வெளியே போய் மிளகுக்கொடி ஓரம் நின்றார். நான் அழுதேன்.

"கெடச்சுதா கண்ணு?" என்று எட்டிப் பார்த்தார் அக்கா.

"இல்லீங்க்கா. மிசினு வேற ஏதோ சத்தத்தக் கேட்டிருக்குது."

மறுநாள் கண்டோம்: எங்கள் மின்னணுப் பெட்டியின் கசிவே உருளை மூடியின் இடுக்கு வழியாக நுழைந்திருந்தது. மூடியைப் புதிதாக வடிவமைத்தோம், பெட்டியைத் தனியே பிரித்தோம். முள் ஒழிந்தது.

குழு கேட்டது: "ஆக்சியானைக் கண்டீர்களா?"

"இல்லை."

"பின் எதை நம்பி உங்களைத் தொடரவிடுவது?"

காந்தம் நிறுத்திய பிற்பகலின் பதிவை அவர்கள் முன் வைத்தோம். "இந்தக் கருவி பொய் சொன்னபோது நாங்களே பிடித்தோம்" என்றேன். பதிவைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். பெரிய காந்தம் ஒன்றுக்கு அனுமதி தந்தார்கள்.

அந்தக் காந்தம் நாளை காலை குண்டனி நாட்டில் இயங்கப் போகிறது. அலை கேட்குமா? என் ஆயுளுக்குள் கேட்குமா? அறியேன், அன்பர்களே. அறியாமல் தவிக்க என்னால் முடியும்; பொய்யை அறிந்துகொண்டு உறங்க முடியாது. தேடும் உரிமை தெரிந்துகொண்டவர்களுக்கு மட்டுமா? தெரியவில்லை என்று உரக்கச் சொல்லத் துணிந்த ஒவ்வொருவருக்கும் உண்டு.

இடம் தந்த மலைக்கும், காது தந்த உங்களுக்கும் என் நன்றி. பனி இறங்குதுங்க, பத்திரமா ஊடு போய்ச் சேருங்க. வணக்கம்.